இலுப்பனப்பள்ளி பெண்கள் சாவடி

“எல்லாரும் செத்த வெளியில இருங்க. அவருக்கு வேட்டி மாத்தணும்.”

அன்று காலையிலிருந்து கெம்பம்மா இதைச் சொல்வது மூன்றாவது தடவை. முதல் தடவை சொன்னபோது அறையில் இருந்தவர்கள் மரியாதையாக எழுந்து போனார்கள். அவர்கள் போன வாசல் வழியாகவே சூளகிரிப் பள்ளிக்கூடத்துப் பழைய ஹெட்மாஸ்டர் உள்ளே வந்தார். கட்டிலருகே நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றி, அரை மணி நேரத்தைத் தின்றுவிட்டுப் போனார். இரண்டாவது தடவை மகள் ராஜாத்தி வெந்நீர்ச் செம்போடு வந்துவிட்டாள். “நீ ஒண்டியா எப்படிம்மா பொரட்டுவ?” என்று கேட்டு, அப்பாவைப் புரட்டி, வேட்டி மாற்றி, நெற்றியில் ஒற்றை நாமமும் இழுத்துவிட்டுத்தான் நகர்ந்தாள். ஊத்தங்கரையிலிருந்து பஸ் ஏறி வந்தவளை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? ஆகவே இப்போது மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. வேட்டி காய்ந்துதான் இருந்தது.

நிலைப்படியில் கொழுந்தன் சென்னப்பனின் தலை தெரிந்தது.

“அண்ணி, பேரிகைக்காரங்க நாலு பேரு வந்திருக்காங்க. பஸ்ஸுக்குத் திரும்பணுமாம். முகத்த மட்டும் பாத்துட்டுப் போயிடறோம்னு சொல்றாங்க.”

கெம்பம்மா கையிலிருந்த வேட்டியை மடித்துக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தாள். “வரச்சொல்லு” என்றாள்.

அவளுக்குப் புருஷனிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. தனியாகச் சொல்ல வேண்டும். பத்து வார்த்தை, மிஞ்சினால் இருபது. அதற்கு ஒரு கால்மணி நேரம் கிடைக்கவில்லை.

திம்மப்பன் மாட்டுத்தொட்டி அருகே விழுந்து ஆறு நாள் ஆகியிருந்தது. வலது கையும் காலும் போய்விட்டன, பேச்சு போய்விட்டது. கிருஷ்ணகிரியிலிருந்து வந்த டாக்டர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “நாள் கணக்குதான்மா. ஆனா காது கேக்கும். நல்லதா நாலு வார்த்தை பேசுங்க” என்று சொல்லியிருந்தார். இடது கண் மட்டும் ஆட்களைப் பின்தொடர்ந்தது. கெம்பம்மா கட்டிலைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் அந்தக் கண்ணும் கூடவே போயிற்று. அது அவளுக்குப் பெரிய இம்சையாக இருந்தது.

இந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது என்பதுதான் அவளுக்கு ஆச்சரியம். போன ஒரு வருஷமாக, பழைய தேர்தல் ஏஜெண்டு ஒருத்தரைத் தவிர, இந்த வீட்டில் காக்கை குருவி எட்டிப் பார்க்கவில்லை. தேர்தலில் தோற்றவன் வீட்டு வாசலில் யாருக்கு என்ன வேலை? அந்த ஒரு வருஷமும் அவளும் அவரும் மட்டும்தான். காலையில் கஞ்சி, மத்தியானம் களி, சாயங்காலம் திரும்பவும் கஞ்சி. சொல்ல நினைத்திருந்தால் முந்நூறு தடவை சொல்லியிருக்கலாம். அப்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, சாகக் கிடக்கிறார் என்றதும் சொல்லத் துடிக்கிறாளே, இவளை என்ன செய்வது? இப்படித் தன்னைத்தானே திட்டிக்கொண்டு அவள் அவர் கடைவாயில் வழிந்த நீரைத் துடைத்தாள்.

திம்மப்பன் இருபத்து மூன்று வருஷம் டெல்லி மெம்பர். வெள்ளைக்காரன் காலத்துச் சபைக்கு முப்பத்து நாலில் முதல்முறை போனவர். நடுவில் ஒரு வருஷம் வேலூர் ஜெயில். பிறகு மறுபடி சபை. சுதந்திரம் வந்து, சபையின் பேர் மாறி, கொடி மாறி, இவர் மட்டும் மாறாமல் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெங்களூரில் பி.ஏ., மெட்ராஸில் சட்டம் என்று படித்தவர். கிருஷ்ணகிரியில் வக்கீலாக இருந்திருந்தால் நாலு வீடு கட்டியிருப்பார். மணியக்காரர் முனிசாமியின் மூத்த மகனாய் அவர் பங்குக்கு வந்தது முப்பத்திரண்டு ஏக்கர். ஒவ்வொரு தேர்தலுக்கும் அதில் ஒரு துண்டு போயிற்று. கிணற்றுக் கொல்லை ஒரு தேர்தலுக்கு, ஏரிக்கீழ் நஞ்சை இன்னொன்றுக்கு. இடையில், கிருஷ்ணகிரியில் படிக்க வரும் பையன்கள் தங்க ஒரு விடுதி நடத்துகிறேன் என்று இன்னும் ஆறு ஏக்கர். டெல்லியில் மாதச் சம்பளமும் சபை நடக்கிற நாளுக்குப் படியும் உண்டுதான். அது வருகிறவன் போகிறவன் சாப்பாட்டுக்கே சரியாக இருந்தது. அவர் கையில் மிஞ்சியது ஓசி ரயில் பாஸ் ஒன்று. அந்த பாஸில் முதல் வகுப்பில் அவர் வருவதைப் பார்த்துவிட்டு, டெல்லியில் பங்களா இருக்கிறது, பெங்களூர் பாங்கில் லட்சம் இருக்கிறது என்று ஊர் பேசிக்கொண்டது.

கெம்பம்மா இங்கேயே இருந்தாள். மாடு, கொல்லை, மாமனார், மாமியார், ராஜாத்தி எல்லாம் அவள் தலையில். ஒரே ஒரு தடவை டெல்லிக்குப் போனாள். குளிர் காலம். இருபது நாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஜன்னலருகே உட்கார்ந்திருந்தாள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசத் தெரிந்தவளுக்கு அங்கே பால்காரனிடம் பேச ஒரு வார்த்தை இல்லை. திரும்பி வந்துவிட்டாள். கோடையில் அவர் ஊருக்கு வருவார். வந்தால் வாசலில் மனுக் கொடுக்கிற கூட்டம். உள்ளே சாப்பிடக் கூப்பிட்டால், “இதோ, இவரு ஒருத்தரு பேசிட்டு” என்பார். அந்த ஒருத்தர் ஒருநாளும் பேசி முடித்ததில்லை.

போன வருஷத் தேர்தலில் கட்சி அவருக்கு சீட்டுக் கொடுக்கவில்லை. வயசாகிவிட்டது என்றார்கள். இருந்த மாந்தோப்பையும் விற்று, தராசுச் சின்னத்தில் தனியாக நின்றார். எதிரில் நின்றவருக்கு ஏணி. அந்த மாந்தோப்பு போனதற்கு மறுநாள்தான் கெம்பம்மா அந்தக் காரியத்தைச் செய்தாள்.

குளத்தங்கரையில் பத்து இருபது பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு நாராயணம்மாதான் பேச்செடுத்தாள். “எக்கா, எங்கூட்டுக்காரரு தராசு தராசுன்னு தூக்கத்துலகூடச் சொல்றாரு. டெல்லிச் சீட்ட அந்தப் பொட்டியிலதான போடணும்?”

கெம்பம்மா துணியைப் பிழிந்துகொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள். “ஏணியில போடுங்கமே.”

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“எனக்கு எம்புருசன் வேணும். தோத்தாத்தான் வீட்டுக்கு வருவாரு. நான் கட்டிக்கிட்டு வந்து நாப்பது வருசமாச்சு. சேந்தாப்பல நாப்பது நாளு அவருக்குக் களி கிண்டிப் போட்டிருப்பனா? நீங்களே சொல்லுங்க.”

துவைக்கிற கல்லில் ஈரத் துணி கிடந்தது கிடந்தபடி. பிறகு நாராயணம்மா, “அவருக்குத் தெரிஞ்சா?” என்று கேட்டாள். “யாரு சொல்லப் போறா?” என்றாள் ஒரு கிழவி. அவ்வளவுதான் நடந்தது. பெண்களுக்குத் தனி ஓட்டுச் சாவடி, பள்ளிக்கூடத்துப் பின் தாழ்வாரத்தில். மறைப்புக்குள்ளே ஒவ்வொரு சின்னத்துக்கும் ஒரு பெட்டி. ஆண்கள் பக்கம் தராசுக்கு அடித்துப் பிடித்துக்கொண்டு போட, பெண்கள் வாயைத் திறக்காமல் வரிசையாகப் போய் ஏணிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்கள். கெம்பம்மாவும் போட்டாள். ஒரு பானைக் குழம்பு தீய்ந்தால்கூட மூன்று தெருவுக்குச் செய்தி போகிற ஊர் அது. அந்த ஊரில் இந்த ரகசியம் மட்டும் இன்றுவரை எந்த ஆம்பிளை காதுக்கும் போகவில்லை.

திம்மப்பன் தோற்றார். ஒன்பதாயிரம் ஓட்டில் தோற்றார். இலுப்பனப்பள்ளிப் பெண்கள் அத்தனை பேரும் தராசில் போட்டிருந்தாலும் அது நூற்று எண்பத்து மூன்றுதான். ஒன்பதாயிரத்துக்கு முன்னால் அது எந்த மூலைக்கு? அவள் ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்திருந்தாலும் அவர் தோற்று, அதே பஸ்ஸில், அதே டிரங்குப் பெட்டியோடு வீட்டுக்கு வந்திருப்பார். இது கெம்பம்மாவுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவள் செய்தது வீணானது மட்டுமில்லை, அவரை ஒடித்தும்விட்டது.

ஏனென்றால் கிருஷ்ணகிரித் தாலுகா ஆபீஸில் பெட்டிகளைச் சாவடி சாவடியாகத்தான் திறந்து எண்ணினார்கள். அவர் எதிரிலேயே எண்ணினார்கள். “நம்மூரு பொம்பளைங்க பொட்டி சுத்தமா வழிச்சுடுச்சு அண்ணி” என்று சென்னப்பன் வந்து சொன்னான். “அதக் கேட்டுட்டு அண்ணன் எழுந்து வெளியில போயி நின்னுட்டாரு. ஒன்பதாயிரத்துக்கு அசராதவரு இதுக்கு அசந்துட்டாரு.”

வீட்டுக்கு வந்தவர் தெருவுக்குப் போகவில்லை. கோயிலுக்குப் போகவில்லை. குளத்துப் பக்கம் பெண்கள் குடத்தோடு போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் ஊரே என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டது என்று அவர் வாயால் சொன்னதில்லை. வீட்டோரக் கொட்டகையில் மாட்டுத்தொட்டியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த விதம் சொல்லிற்று. சாணி அள்ள வரும் வெள்ளையம்மாவிடம் மட்டும் நாலு வார்த்தை பேசுவார். கொட்டகையில் கூலிவேலை செய்கிற அவளை ஊரே ‘ஏ வெள்ளச்சி’ என்றுதான் கூப்பிடும். அவர் ‘வெள்ளையம்மா’ என்று முழுப்பேரும் சொல்லிக் கூப்பிடுவார்.

ஆனால் கெம்பம்மாவிடம் அவர் கனிந்திருந்தார். அதுதான் தாங்கவில்லை. நாற்பது வருஷமாக இல்லாத கனிவு. களி கட்டி தட்டியிருந்தாலும் நல்லாருக்கு என்பார். அவள் காலில் முள் குத்தியபோது கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரே ஊசியால் எடுத்துவிட்டார். ஒருநாள் விற்றுப்போன தோப்பிலிருந்து யாரோ நாலு பழம் கொண்டுவந்து கொடுத்தபோது, ஒன்றை நறுக்கிக் கொட்டைப்பக்கத்தைத் தான் எடுத்துக்கொண்டு கதுப்பை அவளிடம் நீட்டினார். “உனக்குத்தான் நான் ஒண்ணுமே பண்ணல, கெம்பம்மா. நீயாவது என்னை விடல” என்றார். அவள் அந்தப் பழத்தை விழுங்க முடியாமல் விழுங்கினாள். எதை நினைத்து அப்படிச் சொன்னார் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்ல வேண்டிவரும். சொன்னால் இந்தக் கனிவும் போய்விடும். அவள் ஆசைப்பட்டது கிடைத்திருந்தது. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

பேரிகைக்காரர்கள் போய், வேப்பனப்பள்ளியிலிருந்து ஒரு வண்டிக் கூட்டம் வந்து, அதுவும் போய், உச்சிவேளை ஆகும்போது தெருவில் ஒரே சத்தம். ஏணியில் ஜெயித்த புது மெம்பர் பார்க்க வருகிறாராம். அவர் ஜீப்பு ஏரிக்கரைத் திருப்பத்தில் போன மழைச் சேற்றில் இறங்கிவிட்டதாம். தள்ளுவதற்கு ஆண்கள் ஓடினார்கள். வேடிக்கை பார்க்கப் பெண்கள் ஓடினார்கள். “அம்மா, செத்த அப்பாவைப் பாத்துக்க” என்று ராஜாத்தியும் இடுப்புக் குழந்தையோடு ஓடினாள். வீடு காலியாயிற்று.

கெம்பம்மா கதவைச் சாத்தினாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவருடைய இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இடது கண் அவளைப் பார்த்தது. அதைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாது என்று தோன்றியது. டிரங்குப் பெட்டியின் பூட்டைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

“இந்தாங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஒரு வருசமா வயித்துல வச்சிருக்கேன்.”

தூரத்தில் ஆட்கள் ஜீப்பைத் தள்ளுகிற கூச்சல் கேட்டது.

“ஊரு உங்கள வேண்டாம்னு சொல்லலீங்க. அத நீங்க நெனைக்காதீங்க. அந்தப் பொம்பளைங்க பேர்ல தப்பே இல்ல. அவளுங்களுக்கு உங்க மேல உசுரு. நம்ம நாராயணம்மா எத்தனை தடவ வந்து கேட்டா தெரியுமா, எக்கா, போடட்டுமா வேண்டாமான்னு.” முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “நான்தாங்க சொன்னேன். கொளத்தங்கரையில. ஏணியில போடுங்கமேன்னு. நானும் அதுலதான் போட்டேன். நீங்க வீட்டுக்கு வரணும்னுதான், வேற ஒண்ணுமில்ல. நான் என்னத்தக் கண்டேன், அவங்க ஊரு ஊரா எண்ணுவாங்க, நீங்க அதுக்கு இப்படி ஒடிஞ்சு போவீங்கன்னு? தெரிஞ்சிருந்தா செய்வனா? உங்கள நான் அப்படி...”

அழுதாள். கொஞ்ச நேரம் நன்றாகவே அழுதாள். நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது உண்மை. மடியிலிருந்த கையை அழுத்தி, “கேட்டுச்சா?” என்று திரும்பினாள்.

கண் திறந்துதான் இருந்தது. ஆனால் அவளைப் பார்க்கவில்லை.

எந்த வார்த்தையில் மூச்சு போயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. ஊரைப் பற்றிச் சொன்னபோதா, நாராயணம்மாவைப் பற்றிச் சொன்னபோதா, அல்லது எல்லாவற்றையும் கேட்டுவிட்டா? கை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. கடவுளே, கேட்டிருக்க வேண்டும், ஊர் தன்னை வெறுக்கவில்லை என்று தெரிந்துகொண்டு போயிருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள். வாசலில் ஜீப்பு வந்து நின்றது. புது மெம்பர் முழங்கால் வரை சேறும் கையில் ஆரஞ்சுப் பையுமாக உள்ளே வந்து, நிலைமை தெரிந்து, பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

பிறகு நடப்பதெல்லாம் நடந்தது. வீட்டு முன்னால் பந்தல் போட்டார்கள். இருந்த நாலு ஏக்கர் மேட்டு நிலத்தின் மூலையில் குழி வெட்ட ஆள் போயிற்று. மறுநாள் காலையில் கிருஷ்ணகிரியிலிருந்து மாரிசாமி வந்து சேர்ந்தார். திம்மப்பனின் தேர்தல் ஏஜெண்டு. ஐந்து தேர்தலுக்கு அவர் பின்னாலேயே சைக்கிள் மிதித்த மனுஷர். வந்ததும் மாலை போட்டு, குலுங்கிக் குலுங்கி அழுது, முகம் கழுவி, பையிலிருந்து ஒரு குயர் நோட்டை எடுத்தார்.

“அம்மா, பேப்பருக்கு எழுதி அனுப்பணும். டெல்லிக்கும் தந்தி அடிக்கணும். சபையில எந்திரிச்சு நின்னு மரியாதை பண்ணுவாங்க. கொஞ்சம் விவரம் சொல்லுங்க. பொறந்த வருசம்?”

பிணத்தின் தலைமாட்டில் பெண்கள் சூழ உட்கார்ந்திருந்த கெம்பம்மா, “எனக்கு எட்டு வருசம் மூத்தவரு” என்றாள். அவள் பிறந்த வருஷம் அவளுக்குத் தெரியாது. சென்னப்பன் அப்பாவின் டைரியில் பார்த்ததை நினைவிலிருந்து சொன்னான். படிப்பு, ஜெயில், சபைக்குப் போன வருஷங்கள் எல்லாம் மாரிசாமிக்கே மனப்பாடம். எழுதிக்கொண்டே போனார்.

“சொத்து விவரம் கேப்பாங்க. என்னா எழுதறது?”

“நாலு ஏக்கர் மேட்டு நெலம். ரெண்டு மாடு. எழுதிக்க.”

மாரிசாமி பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி யோசித்தார். “அத வேணாம்னு விட்டுடலாங்கம்மா. நல்லாருக்காது. ‘எளிய வாழ்க்கை வாழ்ந்தார்’னு போட்டுடறேன்.” போட்டுவிட்டு, அடுத்த வரிக்கு வந்து நின்றார். தோற்ற வருஷம். நோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“இத எழுத வேணாம். ஆனா உங்ககிட்டச் சொல்லணும். அய்யா இருந்தவரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விடாதேன்னு சொல்லியிருந்தாரு. இனிமே என்னா?” அவர் குரலை இறக்கினார். அந்த அமைதியில் இறக்கிய குரலும் எல்லாருக்கும் கேட்டது. “அன்னிக்கு இந்தூரு பொம்பளைங்க பொட்டியத் தெறந்தாங்களே, வழிச்சுடுச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. சுத்தமா இல்லம்மா. தராசுல ஒரு ஓட்டு இருந்துச்சு. நூத்தி எம்பத்தி மூணுல ஒண்ணே ஒண்ணு. அய்யா எந்திரிச்சு வெளியில போனாரு. நான் ஓடுனேன். வேப்பமரத்தடியில நின்னு கண்ணத் தொடச்சுக்கிட்டே சொல்றாரு, ‘மாரிசாமி, அந்த ஒண்ணு யாருதுன்னு எனக்குத் தெரியும்யா. ஊரே ஒரு பக்கம் போயும் எங்கூட்டுக்காரி எம்பக்கம் நின்னுட்டா. இருபத்தி மூணு வருசம் அவள அம்போன்னு வுட்டவன் நான். எனக்குப் போயி போட்டிருக்கா பாரு.’”

கெம்பம்மா பிணத்தின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்புறம் நான் எப்ப வந்து பாத்தாலும் இதேதாம்மா. ‘அந்த ஒரு ஓட்டுலதான்யா நான் சோறு திங்கறேன்’ அப்படிம்பாரு. கடைசிவரைக்கும் அதுலதாம்மா அவரு உசுரு நின்னுச்சு. அத நீங்க தெரிஞ்சுக்கணும்.” மாரிசாமி ஆறுதல் சொல்லி முடித்த திருப்தியில் மூக்கைச் சிந்தினார்.

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்க்கவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நாராயணம்மா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அவளுக்குத் தெரியும். அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

மாங்கதுப்பும் முள் எடுத்த ஊசியும் கெம்பம்மாவுக்கு இப்போதுதான் விளங்கின. ஒரு வருஷம் அவள் தின்றது வேறு யாருடைய சோறோ. நேற்று உச்சிவேளையில், கேட்டிருக்க வேண்டும் கேட்டிருக்க வேண்டும் என்று எந்தக் கடவுளை வேண்டினாளோ அதே கடவுளை இப்போது, கேட்டிருக்கக் கூடாது, என் அப்பனே, ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்கக் கூடாது என்று மன்றாடினாள். நாராயணம்மா பேரோடு மூச்சு நின்றிருக்கட்டும். அதற்குமேல் வேண்டாம். நானும் அதுலதான் போட்டேன் என்று சொன்னது அந்தக் காதில் விழுந்திருக்க வேண்டாம். கட்டியிருந்த தாடையும் மூடிய கண்ணுமாக அவர் கிடந்தார். அந்த முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

“அது நானு...” என்று அவள் வாயைத் திறந்தாள்.

“அம்மாவுதுதாங்க சாமி.”

குரல் பந்தலுக்கு வெளியே, மாட்டுக்கொட்டகைப் பக்கமிருந்து வந்தது. வெள்ளையம்மா துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் கெம்பம்மாவைப் பார்க்காமல் மாரிசாமியைப் பார்த்துச் சொன்னாள். “வரிசையில நான் பின்னாடிதான் நின்னிருந்தேன். அம்மா தராசுலதான் போட்டாங்க. எனக்குத் தெரியும்.”

“அதான் சொல்றேன்ல” என்றார் மாரிசாமி.

மறைப்புக்குள்ளே யார் எதில் போட்டார்கள் என்று வரிசையில் நின்றவளுக்கு எப்படித் தெரியும்? மாரிசாமி அதைக் கேட்கவில்லை. கெம்பம்மா கேட்க வேண்டியதில்லை. அந்த ஒன்று யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. குளத்தங்கரைச் சொல் கூலிக்காரத் தெருவுக்கும் போயிருந்தது. அதைக் கேட்டும் கேட்காமல் போட்டவள், அந்த ஓட்டை இப்போது எல்லார் எதிரிலும் கெம்பம்மாவின் பேருக்கு எழுதிவிட்டு, கூளத்தைக் கூட்டத் தொடங்கிவிட்டாள்.

பாடை கட்டியாயிற்று. எடுப்பதற்கு முன் பெண்கள் வாய்க்கரிசி போடச் சுற்றி வந்தார்கள். ராஜாத்தி போட்டாள், நாராயணம்மா போட்டாள், ஒவ்வொருத்தியாகப் போட்டார்கள். கடைசியில் சென்னப்பன், “அண்ணி, நீங்க” என்றான். கெம்பம்மா முறத்திலிருந்து ஒரு பிடி அள்ளினாள். பாடையருகே போனவள் குனியவில்லை. திரும்பினாள். பந்தலைத் தாண்டி வெயிலில் நடந்து கொட்டகை வரைக்கும் போனாள்.

“கைய நீட்டுமே.”

வெள்ளையம்மா பின்வாங்கினாள். “அய்யோ, நானா? வேணாங்கம்மா. நாங்க அங்கெல்லாம் வரக்கூடாது.”

“நீட்டு.”

“அண்ணி!” என்றான் சென்னப்பன். பெரியவர்கள் இரண்டு பேர் தொண்டையைச் செருமினார்கள். ஆனால் நாராயணம்மா நகர்ந்து வழி விட்டாள். அவளைப் பார்த்து அடுத்தவளும் நகர்ந்தாள்.

வெள்ளையம்மா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, கையைப் புடவையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு நீட்டினாள். கெம்பம்மா தன் கைப்பிடி அரிசி முழுவதையும் அந்தக் கையில் போட்டு, மணிக்கட்டைப் பிடித்துப் பாடை வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

“போடு.”

வெள்ளையம்மா குனிந்து போட்டாள். பாடையைத் தூக்கினார்கள். மேளம் தெருமுனை திரும்பும்வரை பெண்கள் பின்னாலேயே போய் நின்றார்கள். கெம்பம்மாவின் உள்ளங்கையில் இரண்டு அரிசி ஒட்டியிருந்தது. அவள் அதைத் தட்டிவிடாமல் கையை மூடிக்கொண்டாள்.